சோலார் உள்ள வீட்டில் மின்சாரக் கார்: எப்போது சார்ஜ் பண்ணுவது லாபம்?

கேள்வி: "அண்ணை, நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறன். சாவகச்சேரியில் படிப்பிக்கிறன். 2019 இல் கூரையில் 5 கிலோவாற்று சோலார் போட்டனாங்கள். நெற் அக்கவுன்ரிங் ஒப்பந்தம். முதல் 7 வருசம் யூனிற்றுக்கு 22 ரூபா, பிறகு 15.50 எண்டு எழுதிக் கிடக்கு. வீட்டுப் பாவனை மாதம் 250 யூனிற் வரும். பெற்றோல் காரைக் குடுத்திட்டு, பாவிச்ச நிசான் லீஃப் ஒண்டு எடுக்க யோசிக்கிறம். வெயிலுக்க சார்ஜ் பண்ண வேணுமா, இரவில் பண்ணலாமா? இன்னும் பனல் கூட்ட வேணுமா? கறண்ட் போனால் பனலில இருந்து கார் சார்ஜ் ஆகுமா?"

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. உங்களுடைய இன்வேர்ட்டர், அதாவது பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டி, மின்சார சபையின் லைனோடு சேர்ந்து ஓடுகிற வகை. லைனில் கறண்ட் இல்லையென்றால், நடுப்பகல் 12 மணி வெயிலிலும் அது தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு உங்கள் கூரையிலிருந்து கறண்ட் போய் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பற்றரியும், லைன் இல்லாதபோதும் பற்றரியில் ஓடுகிற ஹைபிரிட் இன்வேர்ட்டரும் போட்டால் வீட்டு லைற்றும் ஃபானும் ஓடும். ஆனால் 5 யூனிற் கொள்கிற வீட்டுப் பற்றரியை முழுதாகக் காருக்குள் இறக்கினாலும் 30 கிலோமீற்றர்தான் ஓடலாம். காருக்காக வீட்டுப் பற்றரி வாங்காதீர்கள்.

இனி விசயத்துக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல, வெயிலில் சார்ஜ் பண்ணினால் இலவசம், இரவில் பண்ணினால் காசு என்பது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அதைத் தீர்மானிப்பது சூரியன் இல்லை, மின்சார சபையோடு நீங்கள் வைத்த கையெழுத்து.

நெற் மீற்றரிங் என்றால் மிஞ்சிய யூனிற் கணக்கில் வரவாக நிற்கும், காசு வராது. நெற் பிளஸ் என்றால் கூரையில் விளைவது முழுவதையும் சபை வாங்கும்; வீட்டுப் பாவனைக்குத் தனியாக வழமையான பில் வரும். உங்களுடைய நெற் அக்கவுன்ரிங்கில், மாதத்தில் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துப் பார்த்து, கொடுத்தது கூட என்றால் அந்த மிச்சத்துக்குக் காசு தருவார்கள். காலை 11 மணிக்குக் கொடுத்த யூனிற்றும் இரவு 11 மணிக்கு எடுத்த யூனிற்றும் ஒன்றுக்கொன்று சரி. அதனால் எந்த நேரத்தில் சார்ஜ் பண்ணினாலும் உங்கள் பில்லில் வித்தியாசம் வராது.

அப்படியென்றால் காருக்குப் போகிற யூனிற்றின் விலை என்ன? சபைக்கு விற்றிருந்தால் கிடைத்திருக்கும் காசுதான் அதன் விலை. முதல் 7 வருசத்துக்கு அது 22 ரூபா. 2019 இல் ஒப்பந்தம் வைத்தவருக்கு 7 வருசம் 2026 இல் முடிகிறது. அதற்குப் பிறகு 15.50. விலை இறங்குவதைப் பார்த்துப் பலரும் கவலைப்படுகிறார்கள். கார் வாங்கப் போகிற ஆளுக்கு அது கெட்ட செய்தி இல்லை. விற்கிற விலை குறையக் குறைய, நீங்களே பாவிப்பதுதான் லாபம். உங்கள் கூரை யூனிற்றுக்கு உங்கள் காரைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடம் போய்வர ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர், அதோடு வார இறுதியில் பருத்தித்துறை, கீரிமலை என்று கொஞ்சம். மாதம் 1200 கிலோமீற்றர் என்று எடுக்கலாம். லீஃப் போன்ற கார், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிற்றுக்கு 6 கிலோமீற்றர் ஓடும். ஆக 200 யூனிற். 22 ரூபாப்படி 4400 ரூபா, 15.50 படி 3100 ரூபா. பழைய கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் 100 லீற்றர் வேண்டும். லீற்றரை 300 ரூபாவாக வைத்தாலும் 30,000 ரூபா. மாதம் 25,000 ரூபாவுக்கு மேல் கையில் நிற்கிறது. இந்த மிச்சத்தில் பெரும்பகுதி பெற்றோலை விட்டதால் வருவது. "சோலார் இருக்கிறபடியால் கார் சும்மா ஓடுது" என்று விற்கிறவர் சொன்னால் சிரித்துக்கொண்டு கேளுங்கள்.

பனல் கூட்டுவது பற்றி. யாழ்ப்பாண வெயிலுக்கு 1 கிலோவாற்று பனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிற் அளவில் தரும். உங்கள் 5 கிலோவாற்று மாதம் 550 முதல் 600 வரை தர வேண்டும். வீட்டுக்கு 250, காருக்கு 200 போனாலும் மிச்சம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழைக்கு உற்பத்தி விழுந்து ஒரு சின்ன பில் வரலாம், அவ்வளவுதான். இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். பிறகு ஆசை வந்தாலும், கூட்டினால் பழைய ஒப்பந்தமும் பழைய விலையும் அப்படியே நிற்குமா என்று மின்சார சபையிடம் எழுத்தில் கேட்ட பிறகே ஆளைக் கூப்பிடுங்கள்.

கூட்டுவதற்கு முதல், இருக்கிற பனலைக் கழுவுங்கள். கழுவும் தண்ணியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களுடைய கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை, பனல் கண்ணாடியிலும் படியும். வெயிலில் காய்ந்தால் உரஞ்சினாலும் போகாது. மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லையென்றால் விடியக் காலையில், கண்ணாடி சூடேற முதல் கழுவி, தண்ணியை வழித்துத் துடைத்துவிடுங்கள். அப்படியே தென்னோலையோ முருங்கையோ வளர்ந்து நிழல் விழுத்துகிறதா என்றும் பாருங்கள். 2019 இல் இல்லாத நிழல் இன்றைக்கு இருக்கலாம்.

பகலா இரவா என்பதில் பில் ஒன்றுதான் என்றேன். ஆனால் ஒரு விதிவிலக்கு. உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் சோலார் இருக்கிறது? எல்லாரும் நடுப்பகலில் லைனுக்குள் தள்ளும்போது வோல்ற்றேஜ் ஏறும். வரம்பைத் தாண்டினால் உங்கள் இன்வேர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும். நல்ல வெயில் நாளிலும் போன் ஆப்பில் உற்பத்திக் கோடு 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்து எழும்புகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் விளைய வேண்டிய யூனிற் விளையாமலே போகிறது. சனி, ஞாயிறு நடுப்பகலில் காரைச் சொருகினால் அந்த மின்சாரம் வீட்டுக்குள்ளேயே செலவாகி, வோல்ற்றேஜ் கொஞ்சம் இறங்கி, இன்வேர்ட்டர் நின்றுபோகாமல் ஓடும். அப்படிக் கிடைக்கும் யூனிற்தான் உண்மையில் இலவசம். நாடு முழுக்கவே இந்தத் தொல்லை உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டி, மின்பாவனை விழுந்தபோது, பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

வார நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொருகாதீர்கள். லீஃப் பற்றரிக்குத் தண்ணிக் குளிரூட்டல் இல்லை. வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் ஏற்றினால் சூடு இன்னும் கூடும். நிழலில் விட்டு, 3 மணி, மூன்றரைக்குச் சொருகினால் 40 கிலோமீற்றருக்கான 7 யூனிற் இரண்டு மணித்தியாலம் சொச்சத்தில் ஏறிவிடும். மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டின் உச்ச நேரம், அதைத் தவிருங்கள். மறந்துபோனால் படுக்கப் போகும்போது சொருகலாம். ஒவ்வொரு நாளும் 100 வீதம் ஏற்றத் தேவையில்லை, 80 போதும்.

நான் அதிகம் பயப்படுவது வயரிங்குக்குத்தான். பழைய வீடுகளில், லைற்றுக்கு இழுத்த மெல்லிய வயரில், 13 அம்பியர் பிளக்கில், ஜன்னலுக்குள்ளால் எக்ஸ்டென்ஷன் வயர் விட்டு கார் சார்ஜ் பண்ணுவதைப் பார்க்கிறேன். அயர்ன் பெட்டி பத்து நிமிசம், கார் மணிக்கணக்கு. பிளக் கருகித் தீப்பிடிக்க அது போதும். மெயின் போர்ட்டிலிருந்து காருக்கென்று தனியாக 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச். எர்த் கம்பியைக் கட்டாயம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கல் நிலத்தில் கோடை காய்ந்தால், மாரியில் நன்றாக இருந்த எர்த்தும் வேலை செய்யாது. உங்களுடையது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு என்றால் மொத்தமே 6.9 கிலோவாற்று. 3.3 கிலோவாற்று சார்ஜர் தாங்கும். 7 கிலோவாற்று சார்ஜரை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பம்பும் ஏசியும் சேர்ந்து ஓடினால் மெயின் விழும்.

இனி கார். 24 கிலோவாற்று மணி பற்றரி உள்ள பழைய லீஃப் என்றால், மீற்றரின் வலது ஓரத்தில் பற்றரி நிலையைக் காட்டும் 12 கோடுகளை எண்ணுங்கள். முதல் கோடு மறையும்போதே ஏறக்குறைய 15 வீதம் போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றும் 6 வீதம் அளவில். கோட்டை மட்டும் நம்பாமல், லீஃப் ஸ்பை என்ற ஆப்பையும் அதற்கான சின்னப் புளூடூத் கருவியையும் வைத்திருக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஏசியோடு 80 கிலோமீற்றர் ஓடும் கார் உங்கள் வேலைக்குத் தாராளம். கொழும்புக்கும் அதிலேயே போக நினைத்தால் இந்தக் கார் சரிவராது. 400 கிலோமீற்றருக்கு எத்தனை தரம் நிறுத்திச் சார்ஜ் பண்ணுவீர்கள்? அதற்கு ரயில் இருக்கிறது.