ஊருக்குள் மதுக்கடை: ஆட்சேபனை எழுதுவது எப்படி?

கேள்வி: திருவட்டாறு பக்கம், பேரூராட்சிப் பகுதியில் பலசரக்குக் கடையை ஒட்டிய கட்டடத்தில் டாஸ்மாக் வரப்போகிறதாம். அருகே பள்ளியும் குருசடியும் (சிலுவை வைத்த சிறு வழிபாட்டு இடம்) உண்டு. தடுக்க முடியுமா?

பதில்: நம் மாநிலத்தில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம்தான். ஆகவே மனு மாவட்ட ஆட்சியருக்கு. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக் கூடாது. பேரூராட்சிக்கு 100. பலர் 50 என்று நினைத்து ஏமாறுகிறார்கள். வாசலிலிருந்து வாசலுக்கு, ஆள் நடக்கும் வழியில் டேப் பிடித்து அளந்து, வரைபடமும் தேதியிட்ட படமும் இணையுங்கள். குருசடியை மட்டும் நம்பாதீர்கள், அதை வழிபாட்டுத் தலமாக ஏற்பதில் தகராறு வரும். பள்ளியை முன்னால் வையுங்கள். பள்ளி கடைக்கு முன்பே இருந்ததற்கான சான்றும் வேண்டும்.

'குடி குடியைக் கெடுக்கும்' என்று பத்து பக்கம் எழுதினால் மனு அலமாரிக்குப் போகும். கதவு எண், சர்வே எண், மீட்டர் கணக்கு போதும். திங்கட்கிழமை நாகர்கோவில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடை திறக்கும் முன்பே கொடுப்பது முக்கியம். பதில் வராவிட்டால் அந்த ரசீதோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.