இறக்குமதி மேற்பார்வையாளருக்கு என்ன சம்பளம்? கேள்வி பதில்

கொழும்புத் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்காகத் தொடங்கி, இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் இறக்குமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலையின் சம்பளம் பற்றி இன்று மாலை கேட்கலாம். வாகன வரி பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

கொக்குவில் மாணவன்: அண்ணா, இறக்குமதி மேற்பார்வையாளருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும்?

தம்பி, நான் கண்ட வரையில் பேரம் ஒரு இலட்சம் ரூபாவைச் சுற்றித்தான் நடக்கிறது. சிறிய கடைக்காரர் என்றால் அதற்குக் கீழே. மருந்து, இயந்திர உதிரிப்பாகம் என்று மாதம் தவறாமல் இறக்குபவர் என்றால் மேலே. ஆனால் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். முதல் நிறுவனம் 110,000 தருகிறது: அடிப்படை 50,000, மீதி 60,000 பயணச் செலவு, தொலைபேசிச் செலவு என்று. இரண்டாவது நிறுவனம் 105,000 தருகிறது: அடிப்படை 95,000, மீதி 10,000 செலவுப்படி. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி அடிப்படையில் 12 சதவீதமும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். முதல் இடத்தில் அது 7,500. இரண்டாவது இடத்தில் 14,250. கூட்டிப் பாருங்கள்: 117,500, 119,250. குறைந்த சம்பளம் என்று நினைத்தது முந்திவிட்டது. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. 10 வருடத்துக்கு ஒன்றில் இரண்டரை இலட்சம், மற்றதில் நாலே முக்கால் இலட்சம்.

கையில் வரும் காசு முதல் இடத்தில் கூடத்தான், மறுக்கவில்லை. உங்கள் பங்கான 8 சதவீதமும் அங்கே குறைவாகத்தான் வெட்டப்படும். கலியாணச் செலவு தலைக்கு மேல் நிற்கிறது என்றால் அதை எடுங்கள். ஆனால் தெரிந்து எடுங்கள். இன்னொன்று: வாழ்க்கைச் செலவுப்படிக்கும் உணவுப்படிக்கும் சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் 'பயணச் செலவு' என்று பெயர் வைக்கிறார்கள்.

திருநெல்வேலி வாசகி: ஒரே பதவிக்கு ஒருவருக்கு 80,000, இன்னொருவருக்கு அதன் இரண்டு மடங்கு. ஏன்?

இது நல்ல கேள்வி. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தை எடுத்துக்கொள்வோம். கப்பல் வந்துவிட்டது. சரக்கு யாருக்குரியது என்று காட்டும் கப்பல் பத்திரத்தின் (பில் ஒவ் லேடிங்) மூலப்பிரதி வங்கியில் இருக்கிறது. வங்கி அதன் முதுகில் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கப்பல் முகவர் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஓர்டர் தருவார். இந்த நேரத்தில் பார்த்தால், பொதிப் பட்டியலில் மொத்த நிறை 18,420 கிலோ, கப்பல் பத்திரத்தில் 18,240. யாரோ இரண்டு இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டார்கள். திருத்தம் கேட்க வேண்டும். சனி, ஞாயிறு கழிந்து திங்கள் போயா. செவ்வாய்க்கிழமை வரை கொள்கலன் அங்கேயே கிடக்கும். துறைமுகத்துக்குத் தாமதக் கட்டணம் ஒரு பக்கம், கொள்கலனைத் திருப்பிக் கொடுக்கப் பிந்தியதற்குக் கப்பல் நிறுவனத்தின் கட்டணம் இன்னொரு பக்கம், அதுவும் டொலரில்.

80,000 எடுப்பவர் இந்த 180 கிலோவை வெள்ளிக்கிழமை கண்டுபிடிப்பார். மற்றவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே, விற்பவர் அனுப்பிய மாதிரிப் பத்திரத்தில் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லியிருப்பார். கூடுதல் சம்பளம் இதற்குத்தான்.

அடுத்தது எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண். முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது, அதற்குப் பிறகு வருவது நாட்டுக்கு நாடு வேறு. கணினித் திரையும் தொலைக்காட்சியும் 8528 என்ற ஒரே தலைப்பில்தான் வரும். கணினியோடு நேரே இணைக்கக்கூடிய திரை 8528.52, வண்ணத் தொலைக்காட்சி 8528.72. சரக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரியிடம், பெட்டியில் அலைவாங்கி (டியூனர்) இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டி வாதாடத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. நாணயக் கடிதம் (எல்.சி., விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உறுதி) வாசிக்கத் தெரிந்தால் இன்னும் மேலே. சிங்களம் பேசத் தெரியாவிட்டால் கீழே. கொழும்பில் சுங்கத்திலும் முனையத்திலும் நாள் முழுக்கப் பேசித்தான் வேலை முடியும்.

சுன்னாகம் வாசகர்: இறக்குமதி மேற்பார்வையாளருக்குச் சம்பளம் எவ்வளவு?

முதல் பதிலைப் பாருங்கள்.

நல்லூர் வாசகர்: ஜப்பானிலிருந்து ஒரு கார் எடுத்தால் வரி எவ்வளவு வரும்?

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் இதே கேள்விதான். வாகன இறக்குமதியாளரிடம் கேளுங்கள்.

மானிப்பாய் பட்டதாரி: நான் முகாமைத்துவப் பட்டதாரி. எங்கள் இடத்தில் உயர்தரத்தோடு நிறுத்திய ஒருவர் என்னைவிடக் கூட எடுக்கிறார். பட்டத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் பிந்தி வரும். முதல் சில வருடம் அந்த மனிதருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது: எந்த ஆவணம் எந்த மேசைக்கு, பொருள் சுங்கம் திறந்து பார்க்கும் சிவப்பு வழியில் விழுந்தால் பரிசோதனைக்கு யாரை ஒழுங்கு செய்வது, லொறி எத்தனை மணிக்கு உள்ளே போக வேண்டும். முகாமையாளர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது பட்டமும் சி.ஐ.எல்.டி. (போக்குவரத்து, சரக்குக் கையாளல் துறையின் பட்டய நிறுவனம்) போன்ற தொழில்சார் தகைமையும் பேசும். அதுவரை அவரிடம் படியுங்கள். அவருக்கும் ஆங்கிலக் கடிதம் எழுத ஆள் தேவைப்படும்.

காங்கேசன்துறை வாசகர்: எங்கள் துறைமுகம் திருத்தி முடிந்தால் கொழும்புக்கு ஏன் போக வேண்டும்? கொழும்புச் சம்பளம் இங்கேயே வந்துவிடும் அல்லவா?

வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இதை நம்பி வீட்டுக்கடன் எடுக்காதீர்கள். இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை அறிவித்திருக்கிறது, சரி. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் கப்பலும் வந்தது. அது பயணிகள் கப்பல். கொள்கலன் கப்பல் வருவதற்கு ஆழம், பாரந்தூக்கி, கொள்கலன் அடுக்கும் முற்றம், வாராவாரம் வரும் ஒழுங்கான சேவை எல்லாம் வேண்டும். நான்கும் இருந்தாலும் இன்னொன்று வேண்டும்: திரும்பிப் போகச் சுமை. நிறைய வந்து வெறுமையாகத் திரும்பும் கப்பலுக்கு யார் கூலி கொடுப்பது?

பருத்தித்துறை வாசகர்: ஐயா சொல்வதை ஏற்க முடியாது. 2006இல் ஏ9 பாதை மூடியபோது குடாநாட்டுக்குச் சாப்பாடு முழுக்கக் கப்பலில்தானே வந்தது? அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

வந்தது. அந்த அரிசியும் மாவும் என்ன விலைக்கு விற்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது உள்நாட்டுக் கப்பல் போக்குவரத்து. கொழும்பிலோ திருகோணமலையிலோ ஏற்றி இங்கே இறக்கினார்கள். சுங்க வேலை ஏற்கெனவே முடிந்த சரக்கு. வேறு பாதை இல்லாததால் வந்த கப்பலை வியாபாரக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

காங்கேசன்துறை வாசகர்: திரும்பிப் போகச் சுமை இல்லையா? வெங்காயம், நண்டு, பனம் பொருட்கள்?

நண்டு குளிரூட்டிய பெட்டியில் அவசரமாகப் போகும் சாமான். வாரம் ஒரு கப்பலுக்காகக் காத்திருக்காது. வெங்காயத்துக்குச் சந்தை தம்புள்ளையிலும் கொழும்பிலும் இருக்கிறது, கடலுக்கு அப்பால் இல்லை. அங்கே இந்தியர்களிடமே மலையாகக் கிடக்கிறது. பனம் பொருள் நல்லதுதான், ஆனால் மாதத்துக்கு எத்தனை கொள்கலன் நிரப்புவீர்கள்?

பருத்தித்துறை வாசகர்: இப்படிச் சொல்லிச் சொல்லியே வடக்கு பின்தங்கியது. சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அந்தத் துறைமுகத்தில் கப்பல் நின்றதை நான் கண்டவன்.

நானும் கண்டவன்தான். 1990இல் தொழிற்சாலை நின்றதோடு அதுவும் போனது. அங்கேயே என் பதிலும் இருக்கிறது: அந்தக் கப்பல்களை வரவைத்தது தொழிற்சாலை. துறைமுகம் திருத்தியதும் முதலில் வரக்கூடியது சீமெந்து, கட்டடப் பொருள் போன்ற மொத்தச் சரக்குதான் என்று நினைக்கிறேன். ஒரு கப்பல், ஒரு பொருள், ஒரு சுங்கப் பிரகடனம். அதற்கு மேற்பார்வையாளர் ஒருவர் போதும். நூறு விதமான பொருள் கலந்து வரும் கொள்கலன்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போடுவது. அது கொழும்பில் இறங்கி, பெரும்பாலும் அங்கேயே பிரிந்து, 400 கிலோமீற்றர் லொறியில் வருகிறது. இங்கே தொழிற்சாலை கட்டுங்கள், கப்பலை நான் தேடித் தருகிறேன்.

வவுனியா வாசகர்: அப்படியானால் திருகோணமலை?

இன்றைக்கு ஒரு துறைமுகம் போதும். சம்பளத்துக்கு வருவோம்.

உரும்பிராய் வாசகர்: டுபாயில் மூன்று மடங்கு தருகிறார்களாமே?

அங்கும் அதே கேள்வி: அடிப்படை எவ்வளவு? ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்குப் பிறகு 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும். வீட்டு வாடகைப்படியைப் பெரிதாகவும் அடிப்படையைச் சிறிதாகவும் எழுதினால் நட்டம் உங்களுக்கு. இருப்பிடம் நிறுவனம் தருகிறதா, நீங்கள் எடுக்க வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள்.

டொரன்டோவிலிருந்து ஒரு அக்கா: தம்பி ஊரில் இந்த வேலை பார்க்கிறார். இங்கே வந்தால் அனுபவம் செல்லுமா?

ஆவண அறிவு செல்லும் அக்கா. வாங்குபவர், விற்பவர் பொறுப்பைப் பிரிக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகள், எச்.எஸ். குறியீடு எல்லாம் அங்கும் அவைதான். சட்டம் புதிது. கனடாவில் 2024 ஒக்டோபர் முதல் சுங்க வரிக்கணக்கு முழுக்க கார்ம் என்ற முறைக்கு மாறிவிட்டது. அங்குள்ள சுங்கத் தரகர் சங்கத்தின் சி.சி.எஸ். சான்றிதழைப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கா போக நினைத்தால், அங்கே தரகர் உரிமம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான்.

இணுவில் வாசகர்: பரிசோதனை இல்லாமல் சுங்கம் விடுவித்த அந்த 323 கொள்கலன்கள் விவகாரம் பற்றி உங்கள் கருத்து?

அதைப் பற்றிப் பேச நாடாளுமன்றம் இருக்கிறது.

கோண்டாவில் வாசகர்: என்னை 'எக்ஸிகியூட்டிவ்' ஆக்கப் போகிறார்கள். 10,000 கூட. ஏற்கலாமா?

மேலதிக நேரக் கொடுப்பனவு எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கடந்த ஆறு மாதச் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். கடைகள், அலுவலக ஊழியர் சட்டத்தின்படி மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. நிர்வாகத் தரம் என்று கடிதம் வந்தால் அது நின்றுவிடும், கப்பல் மட்டும் இரவில்தான் வரும். மாதம் 25,000 அதிலேயே எடுப்பவர் 10,000க்குப் பதவி உயர்வு வாங்கினால் 15,000 இறக்கம். அடிப்படையைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம்: 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் முதல் படி 6 சதவீதம். 180,000 எடுத்தால் 1,800 ரூபாதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: முதலாளி விலைப்பட்டியலைக் குறைத்து இன்னொன்று எழுதச் சொல்கிறார். செய்தால் மாதம் தனியாக ஒரு தொகை தருவாராம்.

அந்தத் தொகை சம்பளம் அல்ல, உங்கள் தலைக்கு விலை. 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. பொருளைப் பறிமுதல் செய்யலாம், சம்பந்தப்பட்டவர்களுக்குப் பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். பிடிபட்டால் முதலாளி 'என் ஆள்தான் எழுதினான்' என்பார். எழுத்து மூலம் மறுத்துவிட்டு வேறு இடம் தேடுங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: வெற்றுப் பிரகடனத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், முதலாளியின் மகனுக்கும்கூட.

அரியாலை வாசகி: பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம், வந்திருக்கிறார்கள். பிரகடனம் கணினியில் அசிகுடா என்ற சுங்க முறை வழியாகப் போகத் தொடங்கியபின் பாதி வேலை மேசையில்தான். ஆனால் ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள் தங்கச்சி: 'துறைமுகத்துக்குப் போகத் தேவையில்லை' என்று அன்பாகச் சொல்லி, துறைமுகப்படியையும் எடுத்துவிடுவார்கள். குறியீடு, நாணயக் கடிதம் இரண்டையும் உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்கி, அதைக் காட்டி அடிப்படையில் கூட்டிக் கேளுங்கள்.

சுன்னாகம் வாசகர்: முதல் பதிலைப் பார்த்தேன். அனுபவம் இல்லாமல் தொடங்கினால் எவ்வளவு?

அனுபவம் இல்லாமல் யாரும் மேற்பார்வையாளர் ஆக முடியாது. எழுதுவினைஞராகத் தொடங்குங்கள். எதுவானாலும் தேசிய ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே தரக் கூடாது: 2025 ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000.

சாவகச்சேரி வாசகர்: லண்டனிலிருந்து அண்ணன் அனுப்பிய பெட்டியை எடுப்பது எப்படி? ஒரு காருக்கு வரி எவ்வளவு?

பெட்டிக்கு, அதை அனுப்பிய முகவரின் கொழும்பு அலுவலகம். காருக்கு, மேலே நல்லூர்க்காரரின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

கொக்குவில் மாணவன்: அண்ணா, நேர்முகத்தேர்வில் என்ன கேட்பார்கள்?

தொழில் தெரிந்த முதலாளி என்றால் ஒரு விலைப்பட்டியலைக் கையில் தந்து, பொருள் கடைக்கு வரும்போது என்ன அடக்க விலை என்று கேட்பார். பலர் வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதத்தை வெறும் சி.ஐ.எப். பெறுமதியின் (பொருள் விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்தது) மேல் போட்டு அங்கேயே விழுந்துவிடுவார்கள். சி.ஐ.எப். பெறுமதியோடு 10 சதவீதம் கூட்டி, சுங்க வரியையும் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரியையும், இருந்தால் செஸ் வரியையும் சேர்த்து, அதன் மேல்தான் வற். லொறிக் கூலியையும் கப்பல் முகவரின் கட்டணத்தையும் சேர்க்க மறக்காதீர்கள், மறப்பீர்களா என்று பார்ப்பதற்குத்தான் விலைப்பட்டியலில் அவற்றை எழுதாமல் தருவார்கள். கல்குலேட்டர் கொண்டுபோங்கள். கைத்தொலைபேசியை எடுக்க விடமாட்டார்கள்.