பாதி சிலிண்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேபாளிகள் விசா இல்லாமல் நம் நாட்டுக்கு வரலாம், வேலை பார்க்கலாம், நம் ராணுவத்தில்கூடச் சேர்ந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் டெல்லியோடு சின்ன மனத்தாங்கல் வந்தால் அவர்களுடைய தலைவர்கள் உடனே பெய்ஜிங்குக்கு ஓடுகிறார்கள். இது இரட்டை வேடம் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேடம்தான். ஆனால் அதைப் போடாமல் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

நேபாளத்தை ஒன்றாக்கிய பிருத்வி நாராயண் ஷா, தன் நாடு இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிய கிழங்கு என்றார். இதை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு பாறையும் ஒரே தூரத்தில் இல்லை என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நம் எல்லையை ஒட்டிய நேபாள ஊரான பீர்கஞ்சிலிருந்து கொல்கத்தா துறைமுகம் ஆயிரம் கிலோமீட்டருக்குள், அதுவும் சமவெளி. சீனாவின் தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் இமயமலை.

2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நிலநடுக்கத்தில் வடக்கே சீனாவுக்குப் போகும் தாதோபானி சாலை அடைபட்டது. செப்டம்பரில் புது அரசியல் சாசனம் வந்தது. அதில் நியாயம் கிடைக்கவில்லை என்று நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மதேசிகள் பீர்கஞ்ச் எல்லைப் பாலத்தில் உட்கார்ந்தார்கள். டெல்லிக்கும் அந்தச் சாசனம் பிடிக்கவில்லை. நான்கு மாதத்துக்கு மேல் லாரிகள் சரியாக வரவில்லை. தடை எதுவும் போடவில்லை என்றது இந்தியா. காத்மாண்டுவில் அதை நம்பியவர்கள் குறைவு. கேஸ் சிலிண்டரைப் பாதி நிரப்பிக் கொடுத்தார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். குளிர்காலம் வேறு. சீனா 13 லட்சம் லிட்டர் பெட்ரோல் இனாமாகத் தந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதை வைத்து ஒரு நாடு எத்தனை நாள் ஓட்டும்?

2016 மார்ச்சில் பிரதமர் ஓலி பெய்ஜிங் போய், சீனா வழியாகச் சரக்கு கொண்டுவரும் போக்குவரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2019இல் நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் உரிமையும் கிடைத்தது. சரக்கு என்னவோ இன்னமும் பெரும்பாலும் கொல்கத்தா வழியாகத்தான் வருகிறது. அப்புறம் எதற்கு அந்தக் காகிதம்? சீட்டு கையில் இருப்பது எதிராளிக்குத் தெரிந்தால் போதும். பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு எண்ணெய்க் குழாய் போடுவது பல வருடம் பேச்சிலேயே கிடந்தது. 2018இல் அடிக்கல் நாட்டினார்கள், 2019 செப்டம்பரில் டீசல் ஓடியது. சீனச் சீட்டால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அளவு மீறினால் கையைச் சுடும். 1988இல் மன்னர் பீரேந்திராவின் அரசு சீனாவிடம் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வாங்கியது. 1989 மார்ச்சில் வர்த்தக ஒப்பந்தம் காலாவதியானதும், இரண்டைத் தவிர எல்லா எல்லை வழிகளையும் இந்தியா மூடியது. அடுத்த ஆண்டே பஞ்சாயத்து ஆட்சி, அதாவது கட்சிகளுக்கு இடமில்லாமல் மன்னர் நடத்திய ஆட்சி, சரிந்தது. உள்ளூர்க் கோபமும் அதற்குக் காரணம்தான்.

இப்போது இழுபறி மின்சாரத்தில். பத்து ஆண்டில் 10,000 மெகாவாட் வாங்குவதாக 2024 ஜனவரியில் இந்தியா ஒப்பந்தம் போட்டது. ஆனால் சீனக் கை பட்ட நிலையத்தின் மின்சாரம் மட்டும் வேண்டாமாம். கம்பியில் வரும் கரண்டுக்கும் ஜாதகம் பார்க்கிறார்கள். ஆகவே காத்மாண்டுவில் அணைக்கு டெண்டர் விடும்போதே, குறைந்த விலை கேட்ட சீனக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் கரண்டை யார் தலையில் கட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.