ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சும் வாலிபர் கேள்விகளும்

கல்லூரியில் உடற்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன், சபையில் வாலிபர் கூட்டமும் நடத்துகிறேன். அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன.

ஐயா, மாவட்ட வாலிபால் போட்டியை ஞாயிறு காலையில்தான் வைக்கிறார்கள். ஆராதனையா, மேட்ச்சா?

இந்தக் கேள்வி வந்தாலே ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் பெயரும் வந்துவிடும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் ஓடவில்லை. 400 மீட்டரில் ஓடி 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். பிரசங்கங்களில் விட்டுப்போகிற விஷயம் ஒன்று உண்டு. போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அப்போதே முடிவைச் சொல்லிவிட்டு, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார்.

நீங்கள் அணியின் செட்டர், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், என்கிறீர்கள். சனி ராத்திரி போன் போட்டு "நாளைக்கு வரமாட்டேன்" என்றால், மற்ற ஐந்து பேரும் விடிந்ததும் யாரைத் தேடுவார்கள்? சீசன் தொடங்கும்போதே கோச்சிடம் சொல்லுங்கள். உங்கள் ஆட்டத்தை மதியத்துக்குத் தள்ளச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள், கேட்டால் கிடைக்கிற சலுகைதான். கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலி இருக்கிறது. வருஷத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு தவறினால் நான் குறை சொல்லமாட்டேன். மாதக் கணக்கில் சபைப் பக்கமே வராவிட்டால் கேட்பேன்.

"சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று வேதமே சொல்கிறதே, பிரதர்?

சொல்கிறது, 1 தீமோத்தேயு 4:8. தேவபக்தியைவிட உடம்பைப் பெரிதாக்காதே என்பது அதன் பொருள், விளையாடாதே என்பதல்ல. அதை எழுதிய பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் எடுத்துக்காட்டுகிறார். கொரிந்து ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. ஜெயித்தவனுக்குக் கிடைப்பது இலைக் கிரீடம். "அழிவுள்ள கிரீடம்" என்றதும் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம், பாஸ்கெட்பாலும் (1891) வாலிபாலும் (1895) அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) ஆட்கள் உருவாக்கியவை. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி பக், லிடெல் ஓடிய அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர்.

அண்ணா, பந்து பேட் ஓரத்தில் பட்டு எட்ஜ் எடுத்து கீப்பர் கைக்குப் போனது எனக்கு மட்டும் தெரியும், அம்பயர் அவுட் கொடுக்கவில்லை. நானே வெளியேறணுமா?

கிரிக்கெட் விதி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தானாக வெளியேறலாம், அம்பயர் முடிவுக்கும் நிற்கலாம். "சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்" என்ற வசனத்தை (2 தீமோத்தேயு 2:5) வைத்துப் பார்த்தாலும் நிற்பது விதிமீறல் ஆகாது. ஆனாலும் போய்விடுங்கள் என்றே சொல்வேன். நம் ஊர் டென்னிஸ் பால் மேட்ச்சில் அம்பயராக நிற்பது யார்? பேட்டிங் அணியில் அடுத்து இறங்க வேண்டிய பையன். கீப்பர் கத்துகிறான், பவுலர் தலையில் கை வைக்கிறான், அந்தப் பையன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். நீங்கள் முழங்கையைத் தடவி "கையில பட்டுச்சு" என்று காட்டினால் அது நேரடியான பொய். பேசாமல் நிற்பதைவிட அது மோசம். தரையில் பட்ட பந்தைத் தூக்கிக் காட்டி கேட்ச் கேட்பதும் அப்படித்தான். அதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

ஜெயிக்க ஜெபிக்கலாமா?

தாராளமாக. தோற்ற பிறகும் அதே ஆர்வத்தோடு ஜெபிப்பீர்களா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மகள் கபடிக்கு ஷார்ட்ஸ் போடுகிறாள். சபையில் பேசுகிறார்கள், ஐயா.

கபடியில் பாவாடை கட்டி ஆட முடியாது, அம்மா. முழங்கால் வரை வருகிற டைட்ஸை உள்ளே போட அனுமதி உண்டா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள், மண்தரையில் சிராய்ப்பும் குறையும். பேசுகிறவர்களை ஒருநாள் மேட்ச் பார்க்கக் கூப்பிடுங்கள்.

ஐ.பி.எல். நேரத்தில் ஆப்பில் பணம் கட்டினேன், நிறையப் போய்விட்டது. பாவமா?

ஆம், தம்பி. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. போனதை மீட்கிறேன் என்று இன்னும் ஒரு ரூபாய்கூடப் போடாதே. எவ்வளவு போனது என்ற முழுத் தொகையை இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடு, கடன் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து.