பதினான்கு புள்ளி வித்தியாசம் போதாதா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: "நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறான். புதுச்சேரியில் ஓர் உளவியலாளர் ஆங்கிலத்தில் சோதித்தார். ஐ.கியூ. (அறிவுத்திறன் எண்) 88, வாசிப்பு 74. வித்தியாசம் 15 புள்ளிகூட இல்லாததால் கற்றல் குறைபாடு கிடையாது, பையனுக்கு அக்கறை போதவில்லை என்கிறார். சரிதானா?"

அன்புள்ள சகோதரி, அந்த முடிவை அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு சோதனைகளிலும் சராசரி 100. திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு, 15. வாசிப்பில் 74 என்றால், அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேர்தான் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருப்பார்கள். அந்த ஓர் எண்ணே உதவியைக் கேட்கிறது.

ஐ.கியூ.விலிருந்து வாசிப்பைக் கழித்துப் பார்க்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய உதவும் டி.எஸ்.எம்-5 கையேடு அதைக் கைவிட்டது. வாசிப்பு மதிப்பெண் சுமார் 78 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா, முறையான உதவி அளித்தும் ஆறு மாதங்களுக்கு மேல் சிரமம் நீடிக்கிறதா என்பவற்றையே அது முக்கியமாகப் பார்க்கிறது. எந்த மதிப்பெண்ணும் சில புள்ளிகள் முன்பின் இருக்கக்கூடியது. 14க்கும் 15க்கும் நடுவே கோடு கிழித்து ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேலும், ஐ.கியூ. சோதனையில் சொல்வளம், நினைவில் நிறுத்திச் செயல்படுதல், வேகம் ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் பல வேளைகளில் இவையே தளர்ந்திருக்கும் என்பதால், ஐ.கியூ.வும் தாழ்ந்து வித்தியாசம் சுருங்கிவிடக்கூடும். ஆகவே மொத்த எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், உட்பிரிவு மதிப்பெண்களையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சோதித்த மொழியும் கவனிக்க வேண்டியது. வீட்டில் தமிழே பேசும் பிள்ளையிடம் ஆங்கிலச் சொற்பொருள் கேட்டால், அறிவைவிட ஆங்கிலப் பழக்கமே அதிகம் அளக்கப்படும். தமிழிலும் வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், அதுவும் நேரத்தைக் குறித்துக்கொண்டு. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. அதனால் குறைபாடுள்ள பிள்ளைகூடப் பிழையின்றி, ஆனால் மிக மெதுவாகப் படித்துவிடலாம். கொம்பும் காலும் இடம் மாறுகின்றனவா, ல, ள, ழ எழுதும்போது குழம்புகின்றனவா என்பதையும் அவனுடைய நோட்டிலேயே பாருங்கள்.

முதலில் கண்ணையும் காதையும் கடலூர் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிடுங்கள். பிறகு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறையில் விசாரித்து, மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் மறுமதிப்பீடு கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதையும் ஒரு மாற்றுத்திறன் வகையாக ஏற்கிறது. பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவைப்படும்.

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகக் கற்றுத்தரும் பயிற்சி ஐ.கியூ. கூடிய பிள்ளைக்கும் குறைந்த பிள்ளைக்கும் ஒருசேரப் பயன்படும். அதை இந்த வாரமே தினமும் அரை மணி நேரம் தொடங்கலாம். முன்கூட்டிப் பழக்காத பத்தியை வகுப்பின் முன் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாமென்று ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.