மினி லேத்துக்கு முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: வீட்டில் 7க்கு 14 அங்குல மினி லேத் (சின்னக் கடைசல் இயந்திரம்) வைத்திருக்கிறேன். இரும்பு கடைந்தால் அதிர்ந்து வரிவரியாக விழுகிறது. பார்ட்டிங் செய்தால், அதாவது கடைந்த துண்டை வெட்டிப் பிரித்தால், டூல் கடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துச் சுழலும் சக் நின்றுவிடுகிறது. டேப்பர் பேரிங், இரும்பு கியர், பெரிய மோட்டார் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதலில் எதை மாற்றுவது?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஆலன் சாவியும் சின்ன ஸ்பானரும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேத்தின் முன் உட்காருங்கள். எனக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. அதற்குள் தேவையில்லாத சாமான்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கத்தில். முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த ஓட்டுச் சாய்ப்புதான் இப்போது என் பட்டறை. உங்களிடம் இருக்கும் அதே வகை லேத்தான்: 80 மி.மீ. சக், ஏறக்குறைய 40 கிலோ எடை. நாகர்கோவில் லேத் பட்டறைகளில் நிற்கும் இயந்திரங்களுக்குக் கால் ஒன்றே இதைவிடக் கனமாக இருக்கும். அவை தம் கனத்தாலேயே அதிர்வை விழுங்கிவிடும். நம் லேத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூட்டுக்கு மூட்டு இருக்கும் ஆட்டத்தை எடுத்தால்தான் உண்டு.

டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) காந்தத்தை, லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல் ஒட்டி, முனையை டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டின் தலையில் வைத்து, டூல் போஸ்ட்டைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். என்னுடையதில் முள் 0.15 மி.மீ. ஓடியது. கையால் தூக்கினாலே இவ்வளவு என்றால், இரும்பைக் கடிக்கும் டூல் எங்கே நிலையாக நிற்கும்?

குற்றவாளிகள் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். ஒன்று, டூலை நகர்த்தும் ஸ்லைடுகளின் பக்கவாட்டில் இடைவெளியை அடைக்கும் ஜிப் பட்டை. அதன் திருகுகளை இறுக்குவது எளிது; பூட்டு நட்டை முறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிவிடும், அதுதான் தொல்லை. ஒரு கையால் ஆலன் சாவியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் நட்டை முறுக்க வேண்டும். நடுத் திருகில் தொடங்கி ஓரங்களுக்குப் போங்கள். கைப்பிடி முழு நீளத்துக்கும் ஒரே கனத்தில் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் மறுபடி தளர்த்தித் தொடங்க வேண்டியதுதான்.

இரண்டாவது, பெட்டின் மேல் நீளவாக்கில் ஓடும் சேடிலின் அடியில் பெட்டை அணைத்துப் பிடிக்கும் இரண்டு பட்டைகள். இவற்றைப் பலரும் தொடுவதே இல்லை. கழற்றிப் பார்த்தபோது என் பட்டைகளின் முகத்தில் அரத்தின் கீறல் அப்படியே இருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் எமரித் தாளை ஒட்டி, பட்டையின் முகத்தில் மார்க்கர் மை பூசித் தேய்த்தேன். மேடான இடத்தில் மை போகும், பள்ளத்தில் தங்கும். முகம் முழுவதும் மை போகும்வரை தேய்த்து, பொருத்தி, திருகுகளைச் சரிசெய்தேன். முள் 0.02-க்கு இறங்கியது. செலவு எமரித் தாளுக்கும் மார்க்கருக்கும் மட்டும்.

பார்ட்டிங் தொல்லை அதன் பிறகும் கொஞ்சம் இருந்தது. அதைத் தீர்த்தது ஓர் இரும்புக் கட்டை. டூல் போஸ்ட்டின் கீழே இருக்கும், கோணத்தில் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, அதே உயரத்தில் ஒரு வார்ப்பிரும்புக் கட்டையை, குறுக்காக ஓடும் கிராஸ் ஸ்லைடின் மேல் போல்ட் போட்டு, அதன் மேல் டூல் போஸ்ட்டை வைத்தேன். கட்டை பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. மில்லிங்குக்கு நாகர்கோவில் போனேன். டேப்பர் (கூம்புச் சரிவு) கடையும்போது மட்டும் பழைய ஸ்லைடை மாட்டிக்கொள்கிறேன். வருடத்தில் இரண்டு முறை வரும். இந்த லேத்தில் நான் செய்த மாற்றங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இனி பேரிங். இந்த வகையில் பெரும்பாலும் 6206 பால் பேரிங் இரண்டு இருக்கும். அதன் இடத்தில் 30206 டேப்பர் ரோலர் போடலாம். உள் விட்டம் 30, வெளி விட்டம் 62, இரண்டுக்கும் ஒன்றே. அகலம் மட்டும் 16 மி.மீ. இருந்த இடத்தில் 17.25 ஆகிவிடும். எனவே சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் இருக்கும் ஸ்பேசர் வளையங்களைக் கடைந்து குறைக்க வேண்டும். லேத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, ஸ்பேசரைக் கடைய லேத் வேண்டுமே! பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறையில் இருந்த பெரியவர் ஸ்பேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, லேத்தை நன்றாக்க லேத்துக்கே வந்திருக்கிறாயா?" என்று சிரித்தார். காசு வாங்கவில்லை. நீங்கள் செய்தால் ஸ்பேசரின் மாற்றுப் பிரதியை முன்பே கடைந்து வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

டேப்பர் பேரிங்கை இறுக்குவதில் முதல் தடவை நான் பேராசைப்பட்டேன். பத்தே நிமிடத்தில் கிரீஸ் வாடை வந்தது, பேரிங் இருக்கும் ஹெட்ஸ்டாக்கைத் தொட முடியவில்லை. அரைமணி நேரம் ஓடிய பின் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மேற்பரப்பு மெருகு கூடியது உண்மை. ஆனால் ஜிப் பட்டையையும் அடிப்பட்டையையும் சரிசெய்யாமல் இதை மட்டும் செய்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

இரும்பு கியர் வாங்காதீர்கள். வாங்கி மாட்டி, சத்தம் தாங்காமல் கழற்றினேன். பிறகு ஒருநாள் நூல் (திருகு மரை) வெட்டும்போது கவனம் தப்பி, சேடில் போய்ச் சக்கில் மோதியது. பிளாஸ்டிக் கியரின் நான்கு பல் போனது. அதோடு விட்டது. இரும்பாக இருந்திருந்தால் அடி எங்கே போய் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கார்பைடு டூலையும் ஒதுக்கி வையுங்கள். நன்றாகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூல் போதும். 25 மி.மீ. இரும்புக் கம்பிக்கு நிமிடத்துக்குச் சுமார் 320 சுற்று.

மற்றொன்றை வெளியூர்க்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனியிலும் நனைவோம், ஐப்பசியிலும் நனைவோம். கடற்காற்று வேறு. வேலை முடித்துத் துடைக்காமல் விட்டால் காலையில் பெட்டில் விரல் ரேகை செம்மண் நிறத்தில் தெரியும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன், எறும்புதான் வந்தது. இப்போது மெஷின் எண்ணெய் பூசி, பருத்தித் துணி போர்த்துகிறேன். பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும்.

மோட்டாரை நான் மாற்றவே இல்லை. ஒருமுறை கார்பன் பிரஷ் மாற்றினேன். வேகக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கும் பெட்டியின் இடைவெளிகளை மட்டும் அடைத்து வைத்தேன், கடைந்த இரும்புச் சுருள் உள்ளே விழாமல் இருக்க. போன மாதம் பக்கத்து வீட்டு ரப்பர் ரோலருக்கு வெண்கலப் புஷ் இரண்டு கடைந்து கொடுத்தது இதே மோட்டாரில்தான்.