படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவரின் இடுப்பும் உறக்கமும்

கேள்வி: பக்கவாதத்தால் எட்டு மாதங்களாகப் படுக்கையில் இருக்கும் என் மாமியாரை, வீட்டில் தையல் வேலை செய்துகொண்டே நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இடுப்பு வலி விடாமல் இருக்கிறது. இரவில் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. எனக்கென்று ஒதுக்க நேரமே இல்லாதபோது என் உடல்நலத்தை எப்படிக் காப்பது? (46 வயது வாசகி, திருச்சி)

பதில்: நேரம் இல்லாத உங்களிடம் நடைப்பயிற்சி, தியானம் என்று புதிய கடமைகளைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே செய்துவரும் வேலைகளை உடல் நோகாமல் செய்யும் முறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உங்கள் இடுப்பு வலிக்குப் பெரும்பாலும் காரணம், தாழ்வான கட்டிலின் மேல் குனிந்து, கைகளை நீட்டியபடி அவரைத் தூக்குவதே. அவரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நின்று, அவருடைய எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி வைத்து, ஒரு கையைத் தோள்பட்டையின் பின்னும் மற்றொன்றை இடுப்பின் பின்னும் கொடுத்து, உங்கள் முழங்கால்களைச் சற்று மடித்தபடி உடல் எடையைப் பின்னுக்குச் சாய்த்தால், அவர் தூக்கப்படாமல் உங்கள் பக்கம் உருண்டு வருவார். தலைமாட்டை நோக்கி நகர்த்துவதற்குத் தோள் முதல் தொடை வரை இரண்டாக மடித்த விரிப்பு ஒன்றைப் போட்டு வைத்து, இருவராக அதன் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து இழுக்க வேண்டும். தனியாக முயல வேண்டாம். செயலிழந்த கையையோ அக்குளையோ பிடித்து இழுத்தால் அவருடைய தோள்மூட்டு நழுவக்கூடும். உங்கள் இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குச் சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

அடுத்தது உறக்கம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. காற்றுப் படுக்கை இருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. ஆனால் அவருடைய தோலின் நிலையைப் பார்த்து இரவில் மட்டும் இடைவெளியை நீட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் கணவர் இரவு 10 மணி முதல் 2 மணி வரை பொறுப்பேற்க, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால், துண்டு துண்டான உறக்கத்தைவிட அந்த நான்கு மணி நேரம் உடலுக்கு அதிகம் உதவும்.

ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வந்து, 'நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய்' என்று பாராட்டிவிட்டுப் போகும் உறவினர்களைப் பல வீடுகளில் காண்கிறேன். அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, என்ன செய்வதென்று தெரிவதில்லை. 'உதவுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'ஞாயிறு காலை 9 மணி முதல் 12 மணி வரை அம்மாவுடன் நீங்கள் இருங்கள்' என்று கொழுந்தனாரிடமோ நாத்தனாரிடமோ நேரம் குறித்துக் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டு வேலை எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். சுகாதாரப் பணியாளர்கள் வரும் நாளில் உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிலும் பிடிப்பின்மை, காரணமற்ற அழுகை, மாமியார் மீது எரிந்து விழுந்துவிட்டுப் பின் குற்றவுணர்வில் தவிப்பது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.